பயப்பட வேண்டிய இடம் வேறு

வளர்ச்சி ஹார்மோன் ஊசி என்றதும் கேட்பவர்களின் கவனம் முதலில் ஊசியில்தான் போய் நிற்கிறது. "தினமுமா? வீட்லயேவா? நீங்களேவா போடுறீங்க?" என்று மூன்று கேள்விகள் வரும். மூன்றுக்கும் ஆமாம்தான் பதில். என் மகன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ஆரம்பித்தது. ராத்திரி சாப்பாடு முடிந்து, படுப்பதற்கு முன்னால், பேனா வடிவத்தில் இருக்கும் ஊசியால் தொடையில் ஒரு குத்து. ஊசியின் நீளம் 4 மில்லிமீட்டர். கொசு கடித்தால் கத்துகிற பையன் இதற்குக் கத்துவதில்லை.

ஆனால் ஊரே பயப்படுவது அந்த 4 மில்லிமீட்டருக்குத்தான். என் மாமியார் முதல் மாதம் முழுக்க ஊசி நேரத்தில் பூஜை அறைக்குள் போய்விடுவார். "ஏத்தா, பச்சப் புள்ளைய தினம் குத்தணுமா?" என்று கண் கலங்குவார். இவ்வளவு நாள் பழகிய பிறகு எனக்குத் தோன்றுவது, குத்துவதுதான் இந்தச் சிகிச்சையிலேயே ஆபத்து குறைந்த பகுதி என்பது. பயம் வேண்டும்தான், ஆனால் அது ஃபிரிட்ஜின் மேல் இருக்க வேண்டும், சிரிஞ்சில் போட்டிருக்கும் கோடுகளின் மேல் இருக்க வேண்டும், அதே ஃபிரிட்ஜில் இருக்கும் இன்னொரு ஊசிப் பேனாவின் மேல் இருக்க வேண்டும். "வளர்ற வயசு, வலிக்கத்தான் செய்யும்" என்று தள்ளிவிடுகிற முட்டி வலியின் மேலும்.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறவள். இதில் இருப்பது எங்கள் ஹார்மோன் டாக்டர் சொல்லிக்கொடுத்ததும், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் அந்த நீளத் தாளை வரி விடாமல் படித்ததும். உங்கள் பிள்ளைக்கான டோஸை இங்கிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

போன வருடத்து யூனிஃபார்ம் பேண்ட் இந்த வருடமும் கச்சிதமாக இருக்கிறதே என்று நான் முதலில் சந்தோஷம்தான் பட்டேன். தையல்கூலி மிச்சம். குழந்தைகள் டாக்டர் வளர்ச்சி வரைபடத்தில் புள்ளி வைத்துக் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. நாலு வயதுக்கு மேல், வயதுக்கு வருவதற்கு முன்வரை, ஒரு பிள்ளை வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் அளவில் வளர வேண்டும். இவன் நான்கைக்கூடத் தொடவில்லை. உடனே யாரும் ஊசி எழுதிக்கொடுக்கவில்லை. தைராய்டு, ரத்தசோகை, சிறுநீரகம், கோதுமைப் புரதம் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் என்று வளர்ச்சியைத் தடுக்கக்கூடிய மற்றதையெல்லாம் முதலில் கழித்தார்கள். இடது கை எக்ஸ்ரேயில் எலும்பு வயது, அதாவது எலும்பு எந்த வயதுக்கு முதிர்ந்திருக்கிறது என்று பார்த்தார்கள். இவனுக்கு அது உண்மையான வயதைவிடப் பின்தங்கியிருந்தது. பெண் குழந்தையாக இருந்திருந்தால் டர்னர் குறைபாடு இருக்கிறதா என்று குரோமோசோம் பரிசோதனையும் சேர்ந்திருக்கும்.

அதன் பிறகுதான் ஹார்மோனைத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனை. குளோனிடின் மாத்திரை கொடுத்து, அரை மணிக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். பையன் தூங்கித் தூங்கி விழுந்தான், ரத்த அழுத்தத்தை அடிக்கடி பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வேறொரு மருந்தை வைத்து இன்னொரு தடவையும் செய்தார்கள். ஒரு பரிசோதனையில் மட்டும் குறைவாக வந்தால் அதை நம்பி முடிவெடுப்பதில்லையாம். அப்புறம் தலைக்கு எம்.ஆர்.ஐ., மூளைக்கு அடியில் இருந்து இந்த ஹார்மோனைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி கிட்டி ஏதும் இருக்கிறதா என்று.

இதை விலாவாரியாகச் சொல்ல ஒரு காரணம் உண்டு. வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுக்க ஒரே சீராகச் சுரப்பதில்லை, விட்டு விட்டு எழும்பும். இரவின் ஆழ்ந்த தூக்கத்தில்தான் பெரிய அளவில் வரும். ராத்திரி ஊசி போடச் சொல்வதும் அதனால்தான். பகலில் ஏதோ ஒரு நேரத்தில் எடுத்த ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் அளவு குறைவாக இருப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. நன்றாக வளரும் பிள்ளைக்கும் அப்படித்தான் வரும். அந்த ஒரு காகிதத்தைக் காட்டி யாராவது ஊசி எழுதினால், இன்னொரு டாக்டரிடம் போய்வருவது நல்லது.

இணையத்தில் தேடினால் இந்த ஊசியால் மூளை நோய் வந்து செத்தார்கள் என்று ஒரு செய்தி கண்ணில் படும். எனக்கும் பட்டது, அன்று தூக்கம் போனது. அது பொய்ச் செய்தி இல்லை என்பதால் முழுக் கதையையும் சொல்கிறேன். 1958-இல் அமெரிக்க டாக்டர் மாரிஸ் ரேபன், மனிதப் பிட்யூட்டரியிலிருந்து எடுத்த ஹார்மோனைக் கொடுத்து ஒரு நோயாளியை வளர வைத்ததைப் பதிவு செய்தார். மாட்டு ஹார்மோன், பன்றி ஹார்மோன் எதுவும் மனிதனுக்கு வேலை செய்யாது. ஆகவே இறந்தவர்களின் பிட்யூட்டரியைச் சேகரித்து, அரைத்து, பிரித்தெடுத்தார்கள். அமெரிக்காவின் அரசுத் திட்டம் 1963-இல் தொடங்கி 1985 வரை ஏறத்தாழ 7,700 பேருக்கு அப்படிக் கொடுத்தது. அந்தச் சுரப்பிகளில் சில, குரோய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் என்ற மூளை நோயால் இறந்தவர்களுடையவை. ஊசி போட்டுக்கொண்ட பல வருடங்கள் கழித்து நோய் தலைகாட்டியது. 1985-இல் அமெரிக்காவில் அந்த மருந்தை நிறுத்தினார்கள். உலகம் முழுக்க 200-க்கும் மேற்பட்டவர்கள் இதனால் இறந்திருக்கிறார்கள், அதில் பாதிக்கு மேல் பிரான்ஸில்.

அதே 1985-இல்தான் ஜெனென்டெக் நிறுவனம் மரபணுவை மாற்றிய பாக்டீரியாவை வைத்துத் தயாரித்த ஹார்மோனுக்கு அனுமதி கிடைத்தது. இன்று முறையாகக் கடையில் கிடைக்கும் எல்லாமே இப்படி மரபணுவை மாற்றிய பாக்டீரியாவையோ வேறு செல்களையோ வைத்துத் தயாராவதுதான். மனித உடலிலிருந்து எடுப்பது கிடையாது. அந்தப் பழைய பயத்துக்கு இன்றைய மருந்தில் இடமில்லை. "மாத்திரையா கிடையாதா?" என்று கேட்பவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. 191 அமினோ அமிலங்கள் கோத்த புரதம் இது. வாய்வழி போனால் வயிறு அதைப் பருப்பைச் செரிப்பதுபோலச் செரித்துவிடும். உயரமாக்கும் பவுடர் விற்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை.

புரதம் என்பதால்தான் ஃபிரிட்ஜ் இந்தக் கதையில் இவ்வளவு பெரிய ஆள் ஆகிறது. 2 டிகிரியிலிருந்து 8 டிகிரி வரை. எல்லாக் கம்பெனித் தாளிலும் இது இருக்கும். வெயில் பட்டால் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பதுதான் பலருக்குத் தெரியாதது. "ஐஸ்லயே வச்சா இன்னும் நல்லதுதானே" என்று நல்ல மனதோடு ஃப்ரீசருக்குள் தள்ளிவிடுகிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. உறைந்து, பிறகு உருகிய மருந்து பார்க்கத் தெளிவாகவே இருக்கலாம். பேனாவும் வேலை செய்யும், டோஸும் இறங்கும், பிள்ளை மட்டும் வளராது. டாக்டரோ மருந்து போதவில்லை என்று நினைத்து டோஸை ஏற்றுவார். அதனால்தான் ஒருமுறை உறைந்ததைத் தூக்கிப் போடச் சொல்கிறார்கள். அந்த விலைக்குத் தூக்கிப் போட மனசு வராது என்பது தெரியும். போடத்தான் வேண்டும்.

எங்களுடையது ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ். இதில் ஃப்ரீசருக்கு நேர் கீழே உள்ள தட்டும், பின்சுவரை ஒட்டிய இடமும் சில நேரம் பூஜ்யத்துக்குப் போய்விடும். கொத்தமல்லிக் கட்டு அங்கே கண்ணாடிபோல விறைத்துப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கதவில் வைக்கலாமென்றால், ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் அங்கே சூடு ஏறி இறங்கும். நடுத்தட்டில், முன்பக்கமாக, மூடி போட்ட டப்பாவுக்குள் வைப்பதுதான் சரி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கி அந்த டப்பாவுக்குள்ளேயே போட்டு வைத்தேன். இந்தச் சிகிச்சையில் நான் செலவழித்ததிலேயே மிகவும் உருப்படியான செலவு அதுதான். சித்திரையில் ஃபிரிட்ஜின் குளிர் பட்டன் எந்த எண்ணில் இருக்க வேண்டும், மார்கழியில் எதில் இருக்க வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

திறந்த பேனாவுக்குத் தனிக் கணக்கு. நார்டிட்ரோபின் ஃபிளெக்ஸ்புரோ பேனா என்றால், முதல் ஊசி போட்ட பிறகு ஃபிரிட்ஜில் 4 வாரம், அல்லது 25 டிகிரிக்கு மிகாத இடத்தில் 3 வாரம் என்று தாள் சொல்கிறது. வேறு மருந்துகளுக்கு வேறு கணக்கு. தூளைக் கரைத்துப் போடும் சிலவற்றைக் கரைத்த பிறகு வெளியே வைக்கவே கூடாது. அந்த 25 டிகிரி வெளிநாட்டுக்காரர்களுக்குச் சரி. மே மாத மதுரையில் ஏசி இல்லாத எந்த அறையும் 25-இல் இருக்காது. ஆகவே எங்களுக்கு ஒரே கணக்குதான், எப்போதும் ஃபிரிட்ஜ். பேனாவைத் திறந்த தேதியையும் கெடு முடியும் தேதியையும் பிளாஸ்திரியில் எழுதி அதன் மேல் ஒட்டிவிடுவோம், டோஸ் எண் தெரியும் சின்ன ஜன்னல் மறையாமல்.

கரண்ட் போனால் முதல் காரியம், ஃபிரிட்ஜைத் திறக்காமல் இருப்பது. மூடியே இருந்தால் சில மணி நேரம் தாங்கும். மாதாந்தரப் பராமரிப்புக்கு நாள் முழுக்க நிறுத்துவார்கள் என்று அறிவிப்பு வந்தால், முந்தின ராத்திரியே ஐஸ் பேக்கை உறையவைத்து, துண்டில் சுற்றி, சின்ன தெர்மாகோல் பெட்டியில் வைத்துக்கொள்வோம். ஐஸ் பேக் நேரடியாகப் பேனாவில் படக் கூடாது. பட்டால் அந்த இடத்தில் உறையும். உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வம் கும்பிடப் போகும்போதும் இதே பெட்டிதான். விமானத்தில் போகிறவர்கள் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பிவிடாமல், கையில் எடுத்துப் போகும் பையில் வையுங்கள், டாக்டர் சீட்டோடு.

இனி, எங்கள் வீட்டில் எனக்கு நிஜமாகவே பயம் தந்த விஷயம். என் மாமியாருக்குச் சர்க்கரை. அவரும் இன்சுலின் பேனாதான் போடுகிறார். அதுவும் அதே ஃபிரிட்ஜில்தான் இருந்தது. இரண்டு பேனாவும் ஏறக்குறைய ஒரே நீளம், ஒரே மாதிரி மூடி, ஒரே மாதிரி திருகு. ராத்திரி பத்து மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், அரைகுறை வெளிச்சத்தில் கை மாறிப்போனால்? சின்னப் பையன் உடலில் இன்சுலின் இறங்கினால் சர்க்கரை சட்டென்று விழும், வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து. தூக்கத்தில் இருந்தால் நமக்குத் தெரியக்கூடத் தெரியாது.

முதல் வாரமே இதைப் பிரித்தோம். அவருடையது கீழ்த்தட்டில் சிவப்பு டப்பா, பையனுடையது நடுத்தட்டில் நீல டப்பா. பேனா உடலிலும் அதே நிறத்தில் டேப் சுற்றியிருக்கிறது. ஊசி போடும் முன் பேனாவில் இருக்கும் பெயரைச் சத்தமாகப் படிப்பது வழக்கமாகிவிட்டது. இப்போது பையனே படிக்கிறான். ஊசி போட வேண்டிய இடம் வரவேற்பறையில் பெரிய விளக்குக்குக் கீழே, படுக்கையறையில் இல்லை. வீட்டில் இன்சுலின் பேனா இருக்கிறவர்கள் தயவுசெய்து இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள். இதை எங்களுக்கு யாரும் எச்சரித்துச் சொல்லவில்லை. மருந்துத் தாள் ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியாக எழுதப்படுகிறது. நம் வீட்டு ஃபிரிட்ஜில்தான் எல்லாம் ஒன்றாக இருக்கிறது.

மாமியாரோடு இன்னொரு வழக்கும் உண்டு. அவர் ஒரே நீடிலை நாலைந்து நாள் போடுவார். "இத்தன வருசமா எனக்கு ஒண்ணும் ஆகலையே." அவர் தலைமுறைக்கு நீடிலும் காசுதான். ஆனால் ஒருமுறை குத்திய நுனி மழுங்கும், அடுத்த முறை வலிக்கும். பேனாவிலேயே நீடிலை மாட்டி வைத்தால் மருந்து கசியும், காற்று உள்ளே போகும், அடுத்த நாள் டோஸ் குறையும், கிருமியும் சேரும். பையனுக்கு ஒவ்வொரு ஊசிக்கும் புது நீடில், போட்டு முடித்ததும் கழற்றிவிட்டுத்தான் பேனா உள்ளே போகும். பேரன் தினமும் புதிது போடுவதைப் பார்த்துப் பார்த்து அவரும் இப்போது மாறியிருக்கிறார். முழுசாக இல்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது: ஒருவர் பேனாவை இன்னொருவர் போடக் கூடாது, நீடிலை மாற்றினாலும்கூட. குத்தும்போது கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் பேனாவுக்குள் ஏறியிருக்கலாம். மஞ்சள் காமாலைக் கிருமி, ஹெச்.ஐ.வி. எல்லாம் போகிற வழி அது. அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே மருந்து, ஒரே டோஸ் என்றாலும் ஆளுக்கு ஒரு பேனா.

பேனா இல்லாமல் குப்பியும் சிரிஞ்சுமாக வாங்குகிறவர்கள் நம் ஊரில் நிறைய. விலை கொஞ்சம் குறையும். அவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்ல வேண்டும், இது என் தொழில். வளர்ச்சி ஹார்மோனைச் சிலர் மில்லிகிராமில் சொல்வார்கள், சிலர் யூனிட்டில். 1 மில்லிகிராம் என்பது 3 யூனிட். இன்சுலின் சிரிஞ்சிலும் 'யூனிட்' என்றுதான் போட்டிருக்கும், ஆனால் அது இன்சுலின் யூனிட். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அந்தச் சிரிஞ்சிலும் நம் கடைகளில் இரண்டு வகை: பெரும்பாலும் சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்ச், ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்ச். முதலாவதில் ஒரு மில்லியை 40 கோடாகப் பிரித்திருக்கிறார்கள், இரண்டாவதில் 100 கோடாக.

20 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்கு 0.6 மில்லிகிராம் எழுதியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லி தண்ணீரில் (மருந்தோடு கொடுக்கும் கரைக்கும் நீர், வீட்டுத் தண்ணீர் இல்லை) 4 மில்லிகிராம் கரைத்த குப்பி. எடுக்க வேண்டியது 0.15 மில்லி. 100 யூனிட் சிரிஞ்சில் அது 15-ஆவது கோடு. 40 யூனிட் சிரிஞ்சில் 6-ஆவது கோடு. வழக்கமான சிரிஞ்ச் கடையில் தீர்ந்துபோய், கடைக்காரர் மற்றதை எடுத்துக் கொடுத்து, நாம் பழக்கத்தில் 15 வரை இழுத்தால் போவது 1.5 மில்லிகிராம். இரண்டரை மடங்கு. அளவு எகிறினால் சர்க்கரை முதலில் விழுந்து, பிறகு ஏறக்கூடும் என்கிறது மருந்துத் தாள். உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டிய விஷயம். டாக்டரிடம் கேட்கும்போதே, "எந்த சிரிஞ்ச், எத்தனாவது கோடு, எத்தனை மில்லி தண்ணி" என்று மூன்றையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். சிரிஞ்சின் வகை மாறினால் போடாதீர்கள். குப்பியைக் கரைக்கும்போது தண்ணீரைக் குப்பியின் சுவரோரமாக விட்டு, மெதுவாகச் சுழற்ற வேண்டும். இருமல் மருந்தைக் குலுக்குவதுபோலக் குலுக்கினால் நுரை கட்டி, புரதம் கெடும். கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ அது குப்பைக்கு.

குத்துவதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. நர்ஸ் ஒருமுறை செய்து காட்டி, என்னையும் வீட்டுக்காரரையும் அவர் முன்னாலேயே செய்ய வைத்தார். இரண்டு பேரும் கற்றுக்கொள்வது முக்கியம். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு ஊசி நின்றுவிடக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட் தடவினால் அது காயும்வரை பொறுத்து, பேனாவைப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பே வெளியே எடுத்து வைத்துப் போட்டால் எரிச்சல் குறைவு. வெந்நீரில் வைத்துச் சூடாக்கக் கூடாது. புதுப் பேனாவில் முதலில் ஒரு சொட்டு வெளியே வருகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்திய பிறகு மெதுவாகப் பத்து எண்ணிவிட்டு எடுத்தால் மருந்து வெளியே வழியாது. தொடையின் வெளிப்பக்கம், தொப்புளை விட்டுத் தள்ளி வயிறு, பிட்டத்தின் மேல்பக்கம் எல்லாம் போடலாம். ஒரே இடத்தில் போட்டால் அங்கே தோலுக்கடியில் குழி விழும், அல்லது கட்டியாகும். மருந்தும் சரியாகச் சேராது. இன்று எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிப்பது பையனின் உரிமை. காலண்டரில் வலது, இடது என்று அவனே குறிக்கிறான்.

ஒரு நாள் விட்டுப்போனால்? மறுநாள் வழக்கமான டோஸ் மட்டும். இரண்டையும் சேர்த்துப் போடக் கூடாது.

உடம்பு காட்டும் அறிகுறிகளுக்கு வருகிறேன். நம் ஆட்கள் அலட்சியமாக விடுவது இதைத்தான். வளர்ச்சி வேகம் பிடிக்கும்போது தொடை எலும்பின் தலைப்பகுதி, எலும்பு வளரும் இடமான குருத்துத் தட்டிலிருந்து நழுவிவிடும் ஒரு பிரச்சினை உண்டு. எல்லோருக்கும் வராது, அரிதுதான். வந்தால் பிள்ளை நொண்டும், இடுப்பு வலிக்கும் என்பான். சில நேரம் வலி முட்டியில்தான் தெரியும். இதைப் "வளர்ற வலி" என்று தைலம் தேய்த்து விட்டுவிட்டால் எலும்பு மேலும் நழுவும், அறுவை சிகிச்சை தேவைப்படும். எங்கள் பையன் ஒரு தடவை தெருவில் கிரிக்கெட் ஆடிவிட்டு நொண்டிக்கொண்டு வந்தான். பந்து பிடிக்கப் போய் விழுந்ததாகச் சொன்னான். இரண்டு நாளில் சரியாகவில்லை, இடுப்புக்கு எக்ஸ்ரே எடுத்தோம். ஒன்றுமில்லை, வெறும் சுளுக்கு. அந்த எக்ஸ்ரேக்குக் கொடுத்த பணத்தைப் பற்றி வீட்டில் ஒருவர் முணுமுணுத்தார். அடுத்த தடவை நொண்டினாலும் எடுப்பேன்.

இன்னொன்று தலைவலி. சாதாரணத் தலைவலி எல்லாப் பிள்ளைக்கும் வரும். ஊசி ஆரம்பித்த முதல் இரண்டு மாதங்களில், விடாத தலைவலியோடு வாந்தியோ, கண் மங்குவதோ, இரட்டையாகத் தெரிவதோ சேர்ந்தால் மூளையைச் சுற்றிய அழுத்தம் ஏறியிருக்கலாம். ஊசியை நிறுத்திவைத்து அன்றே டாக்டரிடம் போக வேண்டும். கண்ணின் உள்பக்கத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள், நிறுத்தினால் சரியாகிவிடும். பிறகு குறைந்த டோஸில் மறுபடி தொடங்குவதும் உண்டு. முதுகு வளைவு ஏற்கெனவே இருந்தால் அது கூடலாம், அதனால் ஒவ்வொரு செக்கப்பிலும் டாக்டர் குனியச் சொல்லிப் பார்க்கிறார். தைராய்டு குறையலாம், சர்க்கரை ஏறலாம். எங்கள் குடும்பத்தில் சர்க்கரை இருப்பதால் அதற்கான ரத்தப் பரிசோதனையை டாக்டர் தவறவிடுவதில்லை. ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு பரிசோதனையும் உண்டு. டோஸ் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்பது அதில் தெரியும்.

ஆஸ்துமாவுக்கோ வேறெதற்கோ ஸ்டீராய்டு எடுத்தால் அதைச் சொல்ல வேண்டும், அது வளர்ச்சி ஹார்மோனின் வேலையைக் குறைக்கும். எந்த அறுவை சிகிச்சைக்கும் முன்னால் இந்த ஊசி போடுவதைச் சொல்ல வேண்டும். புற்றுநோய் இருப்பவர்களுக்கு இது கூடாது. பிராடர்-வில்லி என்ற பிறவி மரபணுக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு, அதிலும் எடை மிக அதிகமாக இருந்தாலோ மூச்சுத் தடை இருந்தாலோ, தனி எச்சரிக்கை உண்டு. அவர்கள் தூக்கப் பரிசோதனை இல்லாமல் தொடங்கவே கூடாது.

பணம். மாதம் பல ஆயிரம் ஆகிறது, பிள்ளையின் எடை கூடக்கூட டோஸும் கூடும், செலவும் கூடும். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில், உறுதி செய்யப்பட்ட வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு, டர்னர், நூனன், பிராடர்-வில்லி என்ற மரபணுக் குறைபாடுகள் ஆகியவற்றுக்கான ஹார்மோன் சிகிச்சை இரண்டாம் பிரிவில் இடம்பெற்றிருக்கிறது. டாக்டரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். விலை குறைவு என்று தெரியாத இடத்தில், குளிர்ப்பெட்டி இல்லாமல் கூரியரில் வருவதை மட்டும் வாங்காதீர்கள். ஜிம் பையன்களுக்குக் கள்ளத்தனமாக விற்கப்படுவதும் இதே மருந்து என்று சொல்லித்தான். குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பது விற்கிறவனுக்கே தெரியாது. எலும்பு வளர்ந்து முடிந்தவர்களுக்கு இது உயரம் தராது; அளவு மீறினால் தாடையும் கை கால்களும்தான் பெருக்கும், சர்க்கரை நோயும் வரும். நான் மருந்து வாங்கும்போது பில்லையும், பெட்டியில் உள்ள பேட்ச் எண்ணையும் ஒரு நோட்டில் ஒட்டிவிடுகிறேன். கணக்கு எழுதுகிறவளின் வியாதி என்று வீட்டில் சிரிப்பார்கள்.

போட்டு முடித்த நீடில்கள் கனமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போகின்றன. முக்கால் பங்கு நிறைந்ததும் மூடியை டேப் போட்டு ஒட்டி, செக்கப்புக்குப் போகும்போது ஆஸ்பத்திரியில் கொடுத்துவிடுவோம். 2016 திடக்கழிவு விதிகளே வீட்டு ஊசிகளை அபாயகரமான வீட்டுக் கழிவு என்றுதான் வகைப்படுத்தின. காலையில் நம் வாசலுக்கு வருகிற தூய்மைப் பணியாளர் கையுறை இருந்தோ இல்லாமலோ அந்தப் பையைக் கிளறித்தான் பிரிக்கிறார். இதில் விளக்கம் சொல்ல எதுவுமில்லை.

வீட்டில் உயரம் அளப்பதை ஒரு கட்டத்தில் நிறுத்தினேன். முதல் மாதங்களில் வாரா வாரம் கதவோரம் நிறுத்திக் கோடு போட்டதில், காலையில் ஒரு அளவு, சாயங்காலம் அதைவிடக் குறைவு என்று வந்து எல்லோருக்கும் மனக்கஷ்டம்தான் மிச்சம். முதுகெலும்பு பகல் முழுக்க அழுந்தி, மாலையில் ஒரு சென்டிமீட்டர்வரை குறைவது சகஜமாம். இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரி அளவுகோல் மட்டும். குறைபாடு உள்ள பிள்ளைகள் முதல் வருடத்தில் எட்டு, பத்து சென்டிமீட்டர் வளர்வதுண்டு. பிறகு வேகம் குறையும். குறைவதைப் பார்த்து மருந்து வேலை செய்யவில்லை என்று நினைக்க வேண்டாம்.

மெஸ்ஸியும் சின்ன வயதில் இதே ஊசியைத் தானே காலில் போட்டுக்கொண்டவர் என்று அவனுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து தானே போட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நீடில் மாட்டுவது, எண்ணைத் திருகுவது, குத்துவது எல்லாம் இப்போது அவன்தான். ஆனால் குத்தும் முன் பேனாவின் பெயரையும் ஜன்னலில் தெரியும் எண்ணையும் பெரியவர் ஒருவர் பார்த்துத் தலையாட்ட வேண்டும் என்பது சட்டம். அப்பத்தாவுக்கும் அந்தப் பதவி கொடுத்திருக்கிறான். கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு வந்து பார்க்கிறார். பூஜை அறைக்குப் போவதில்லை.

வளர்ச்சி முடியும் வயதில் ஊசியை நிறுத்திவிட்டு, மறுபடி அந்தத் தூண்டல் பரிசோதனை செய்வார்கள். இந்த ஒரு ஹார்மோன் மட்டும் குறைந்த பிள்ளைகளில் பலருக்கு அப்போது சுரப்பு சரியாகவே இருக்குமாம். இல்லாதவர்களுக்குப் பெரியவர்களுக்கான சின்ன டோஸில் தொடரும். அதற்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன. அவன் அவசரம் வேறு. வாரத்துக்கு ஒரே ஊசி போதும் என்கிற மருந்துகள் 2021-இலிருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்று வந்துவிட்டன என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு செக்கப்பிலும் டாக்டரிடம் அதையே கேட்கிறான். "இப்ப போடுறதுலயே நல்லா வளர்றடா, இது எத்தனையோ வருசம் பார்த்த மருந்து, அது இப்பத்தான் வந்தது" என்கிறார் அவர். பையன் சமாதானம் ஆகவில்லை. அடுத்த தடவையும் கேட்பான். நான் விலையைக் கேட்பேன்.